எட்டாயிரம் ஸ்டெப்

நீங்களும் இதே வாட்சுதானா சார்? இதே கறுப்புப் பட்டை, இதே சதுர மூஞ்சி. யாரு வாங்கிக் கொடுத்தது? நீங்களே வாங்குனதா? சரியாப் போச்சு. தானா தேடிப் போய்ச் சனியனைக் கையில கட்டிக்கிட்ட ஆளை இப்பத்தான் பாக்குறேன். கோவிச்சுக்காதீங்க. எனக்கு இதைக் கண்டாலே பத்திக்கிட்டு வருது. உசிலம்பட்டி வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன், கேட்டுட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க.

என் பேரு குருநாதன். சொந்த ஊரு தேனிதான். போக்குவரத்துக் கழகத்துல முப்பத்திமூணு வருசம் சர்வீஸ். முதல்ல கண்டக்டர், கடைசிப் பதினோரு வருசம் செக்கிங் இன்ஸ்பெக்டர். இந்த ரூட்ல எந்த மரத்தடியில எவன் டிக்கெட் எடுக்காம இறங்குவான்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். புதுசா செக்கிங்குக்கு வர்றவனுக்கெல்லாம் நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். டிக்கெட்டைப் பாக்காதடா, ஆளைப் பாரு. டிக்கெட்டு எப்பவும் சரியாத்தான் இருக்கும். அது யாரு கையில இருக்குங்கிறதுலதான் விசயம். ஒருதடவை மில்லு வேலைக்குப் போற ஒருத்தன் மாசப் பாஸைக் காட்டுறான். தேதி சரி, சீல் சரி, போட்டோகூட அவன் மாதிரியேதான். வேற ஆளுன்னா சரி போன்னு விட்டிருப்பாங்க. நான் காதைப் பாத்தேன். போட்டோவுல காது ஒட்டி இருக்கு, இவனுக்கு விரிஞ்சு நிக்குது. அண்ணன் பாஸு. தம்பி போறான். அப்பேர்ப்பட்ட கண்ணு இது.

அந்தக் கண்ணு வச்சிருந்தவனைத்தான் சார் இப்ப ஒரு கெடிகாரம் செக் பண்ணுது.

எப்படி ஆரம்பிச்சுதுன்னா, தை மாசம் ஒரு கல்யாணத்துல பந்தியில இருந்து எந்திரிக்கையில லேசா தலை சுத்துச்சு. அம்புட்டுத்தான். பிரஷர், கொஞ்சம் சுகர், நடங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எம் மகன் நந்தகுமார் ஓசூர்ல கம்பெனியில இருக்கான். மறுவாரமே இதை அனுப்பிட்டான். அடியில பாருங்க, பச்சையா ஒரு வெளிச்சம் மினுக்கு மினுக்குன்னு. அதுதான் நாடி பாக்குதாம். உள்ளயே தனி சிம்மு வேற இருக்காம். நான் இங்க நடந்தா அவனுக்கு அங்க தெரியும். நான் இங்க தூங்குனா அவனுக்கு அங்க தெரியும். நெஞ்சு எத்தனை தடவை அடிக்குதுன்னு மருமக போன்லயும் தெரியும். கண்டக்டர் பையில எத்தனை ரூவா இருக்குன்னு நான் பாத்த மாதிரி.

ஒரு நாளைக்கு எட்டாயிரம் ஸ்டெப் நடக்கணும்னு உத்தரவு. நானும் முதல் நாலு நாள் நடந்தேன். மூவாயிரம் தாண்டல. சாயங்காலம் சரியா ஆறு மணிக்குப் போன் வரும். "அப்பா, இன்னும் அஞ்சாயிரம் பாக்கி இருக்கே?" வட்டிக்கடைக்காரன் கேக்குற மாதிரி. உக்காந்துக்கிட்டே கையை ஆட்டிப் பாத்தேன். ஏறுது, ஆனா தோள்பட்டை கழண்டு போகுது. டீக்கடையில மாயாண்டின்னு ஒருத்தன், என் கூட டிரைவரா இருந்தவன், "ஆட்டுக்குட்டிக் கால்ல கட்டி விடு குருநாதா, சாயங்காலம் இருபதாயிரம் காட்டும்"னான். ஆட்டுக்கு எங்க போக? டேபிள் ஃபேன் ஒண்ணு இருக்கு, இப்படியும் அப்படியும் திரும்புறது. அதுல கட்டி ஓட விட்டேன். கால் மணி நேரத்துல மருமக போன். "மாமா, ஸ்டெப்ஸ் ஏறுது, ஆனா பல்ஸே காட்டலையே, நல்லாத்தானே இருக்கீங்க?" பாத்தீங்களா சார், அதுக்கு உயிருள்ள கை வேணுமாம்.

உயிருள்ள கைக்கு நம்ம வீட்ல என்ன பஞ்சம்? பாக்கியம்தான் நாளெல்லாம் நடக்குறாளே. பாக்கியம் என் சம்சாரம். அன்னபாக்கியம். அந்தா முன்னாடி மூணாவது சீட்ல, ஜன்னல்ல தலை சாச்சுத் தூங்குறா பாருங்க, அரக்குக் கலர் சேலை, அவதான். சேந்து உக்கார சீட்டு கிடைக்கல. அவளுக்கு ஜன்னல் வேணுமாம், இல்லாட்டி மூச்சு முட்டுதாம். தேனி ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு மூணாவதுல ஏறுனோம், அம்மாவுக்கு ஜன்னலுக்காக.

அவ கையில கட்டி விட்டேன். எனக்கே ஆச்சரியம் சார். அடுப்படிக்கும் கொல்லைக்கும், மாடிக்கும் தெருக்குழாய்க்கும்னு மத்தியானத்துக்குள்ள ஆறாயிரத்தைத் தொட்டுட்டா. விளக்கு வைக்கையில பதினோராயிரம். மகன் போன் பண்ணி, "அப்பா, பின்னிட்டீங்க"ன்னான். அவன் கம்பெனி ஆளுங்ககிட்டயெல்லாம் காட்டுனானாம், எங்கப்பா அறுபத்திநாலு வயசுல பதினோராயிரம் நடக்குறாருன்னு. நான் என்ன சொல்ல? பழகிட்டா எல்லாம் வரும்டான்னேன். ஆம்பளை வாட்சு, அவளுக்குத் தொளதொளன்னு கிடக்கும். கடைசி ஓட்டைக்கு அங்கிட்டு ஊசியால நானே இன்னொரு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். ராத்திரியும் அவளே கட்டிக்கட்டும்னு விட்டுட்டேன், எனக்குத் தூக்கத்துல உறுத்துது.

அதுவரைக்கும் நல்லாத்தான் போச்சு. அப்புறம்தான் இது பொய் சொல்ல ஆரம்பிச்சுச்சு.

மாசி மாசம். அதே டீக்கடையில பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கேன். நந்தகுமார் போன். "அப்பா, அப்படியே உக்காருங்க, அசையாதீங்க."

"உக்காந்துதான்டா இருக்கேன். வடை தின்னுக்கிட்டு இருக்கேன்."

"உங்க ஹார்ட் பீட் நூத்தி நாப்பத்தெட்டு. தாறுமாறா அடிக்குதுன்னு அலாரம் வந்திருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

எனக்கு அடிச்சா எனக்குத் தெரியாதா சார்? ஆனாலும் டாக்டர்கிட்ட வாட்சு இல்லாமப் போக முடியுமா, மகன் கேப்பான்ல. வீட்டுக்கு ஓடுறேன். இவ என்னடான்னா, மாடிப்படியில பாதியில உக்காந்திருக்கா, மடியில மொளகாத் தட்டு. மூஞ்சியெல்லாம் வேர்வை. சும்மாவே உக்காந்திருக்கா. எனக்குக் கோவம். "உக்கார்றதுக்கு நேரம் பாத்த பாரு, எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போகணும்"னேன்.

"யாருக்கு?"ன்னா.

"எனக்குத்தான். நெஞ்சு தாறுமாறா அடிக்குதாம்."

பதறிட்டா பாவம். தட்டை அப்படியே போட்டுட்டு எந்திரிச்சா. அவ கையில இருந்து கழட்டி நான் கட்டிக்கிட்டேன். ஃபிளாஸ்க்குல வெந்நி, துண்டு, என் மாத்திரை எல்லாத்தையும் பையில போட்டுக்கிட்டு ஆட்டோ வரைக்கும் எம் பின்னாடியே ஓடி வந்தா. ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்தாங்க. கல்லு மாதிரி இருக்குன்னுட்டாங்க. தண்டத்துக்கு அரை நாள் போச்சு.

அடுத்த பத்து நாள்ல மறுபடியும். நான் அப்பத்தான் குளிச்சுட்டு வாரேன். அன்னைக்கு முனிசிபாலிட்டித் தண்ணி வந்த நாளு. இவ ரெண்டு குடத்தைத் தூக்கிட்டு வந்து வாசப்படியில வச்சுட்டு, அதைப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறா. "ஏங்க, கையில இது துடிக்குதுங்க"ங்கிறா. வாட்சு அதிர்றதைச் சொல்றா. "துடிச்சா துடிக்கட்டும், கழட்டிறாத, ஸ்டெப்பு விட்டுப் போகும்"னேன். அஞ்சே நிமிசத்துல மகன் போன். லீவு போட்டுட்டு மறுநாள் காலையில வந்து நிக்கிறான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். எக்கோ எடுத்தாங்க. ஓடுற பெல்ட்ல ஏத்தி ஓட விட்டாங்க. நாய் மாதிரி இளைச்சேனே தவிர ஒண்ணும் இல்ல. டாக்டரம்மா சின்ன வயசுதான், பொறுமையாப் பேசுனாங்க. "இது வந்து வந்து போற கோளாறா இருக்கலாம்ங்க ஐயா. இங்க வரும்போது ஒளிஞ்சுக்கும். ஆனா அது மட்டும் நிஜம்னா விடக் கூடாது. நெஞ்சுக்குள்ள ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போனா ஒரு பக்கம் கை கால் விழுந்திரும். முன்னாடியே கண்டுபிடிச்சா மாத்திரையிலயே தடுத்திரலாம்"னாங்க. இடது நெஞ்சுல பிளாஸ்திரி மாதிரி ஒண்ணை ஒட்டி விட்டாங்க. ஏழு நாள் கழட்டக் கூடாது. நெஞ்சு அடிக்கிற ஒவ்வொரு அடியும் அதுல எழுதிக்குமாம். "வாட்சையும் கூடவே கட்டிக்கோங்க, ரெண்டையும் வச்சு ஒப்புப் பாக்கலாம்"னாங்க.

பிளாஸ்திரியை யாருக்கு மாத்த முடியும்? அரிப்புத் தாங்காம ஏழு நாளும் நானே சுமந்தேன். வாட்சு மட்டும் வழக்கம் போல அவகிட்ட. மகன் வேற ஓசூருக்குப் போய் உக்காந்துக்கிட்டு ஸ்டெப்பைப் பாத்துக்கிட்டே இருக்கானே, என்ன பண்ண?

அந்த ஏழு நாள்ல வாட்சு மூணு தடவை கத்துச்சு சார். மூணு தடவையும் நான் சிவனேன்னு இருக்கேன். ஒரு தடவை மத்தியானம் சாப்பிட்டுட்டு ஈசிச்சேர்ல தூங்குறேன். மகன் போன்லதான் முழிச்சேன். மூணரை மணி. அன்னைக்குக் காப்பியும் வரல. என்னன்னு போய்ப் பாத்தா, அடுப்படித் தரையில நிலைப்படி ஓரமா மூஞ்சியை வச்சுப் படுத்துக் கிடக்கா. "தரை குளுகுளுன்னு இருக்குங்க, சும்மா படுத்தேன்"ங்கிறா. முந்தியெல்லாம் காப்பின்னு வாயைத் திறக்கிறதுக்குள்ள டம்ளர் கையில இருக்கும். இப்ப எது கேட்டாலும் "இருங்க வாரேன், இருங்க வாரேன்". மாடிக்கு ஒரு நடையில போறவ, நடுவுல ரெண்டு தடவை நிக்கிறா. தலைக்கு ரெண்டு தலகாணி கேக்குறா. செருப்பு வார் காலைக் கடிக்குதாம், புதுசு வேணுமாம். வயசானா பொம்பளைங்களுக்குச் சோம்பல் வந்துருது சார், ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல.

ரிசல்ட்டன்னைக்கு மகனும் வந்துட்டான், மூணு பேருமாப் போனோம். டாக்டரம்மா ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறாங்க, பாக்குறாங்க, பாத்துக்கிட்டே இருக்காங்க. "பிளாஸ்திரியில அறுபத்தெட்டு, சீரா இருக்கு. அதே நிமிசம் வாட்சுல நூத்தி நாப்பது, ஒழுங்கே இல்ல. ஒரே ஆளு நெஞ்சு எப்படி ரெண்டு மாதிரி அடிக்கும்?"னு தலையைச் சொறியிறாங்க. அப்புறம் என்னை நேராப் பாத்து, "ஐயா, அந்த ஏழு நாளும் வாட்சை நீங்கதானே கட்டியிருந்தீங்க?"ன்னாங்க.

ஆமான்னேன்.

பின்ன என்ன சார் சொல்றது? மகன் பக்கத்துல நிக்கிறான். பதினோராயிரம்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கான். பாக்கியம் கதவுகிட்ட ஃபிளாஸ்க்கோட நின்னா. என்னமோ சொல்ல வாயைத் திறந்தா. ஒரு பார்வை பாத்தேன், மூடிக்கிட்டா. "அப்படின்னா வாட்சு தப்பாத்தான் காட்டுது, உங்களுக்கு மாத்திரை எழுத எனக்கு மனசு வரல"ன்னு டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாங்க. இந்தாங்க, இதுதான் அந்த ரிப்போர்ட்டு. படிச்சுப் பாருங்க. நான் சுத்தம். இது பொய். எழுத்துல இருக்கு.

ஆனா நந்தகுமார் நம்ப மாட்டேங்குறான் சார். அதுதான் எனக்கு ஆத்தாமை. பெத்த அப்பன் சொல்றேன், டாக்டர் சொல்றாங்க, நெஞ்சுல ஒட்டுன பிளாஸ்திரி சொல்லுது. அவனுக்குக் கெடிகாரம் சொல்றதுதான் வேதம். அதுலயும் ஒரு நியாயம் பேசுறான். "வாட்சு கெட்டிருந்தா எப்பவும்ல தப்பாக் காட்டணும்? ஏன்ப்பா சில நேரம் மட்டும் காட்டுது?"ன்னு. இன்னைக்கு மாமனார் வீட்டுக்கு மதுரை வந்திருக்கான். மூஞ்சிக்கு நேரா இதைக் கழட்டி வச்சு, ரிப்போர்ட்டையும் வச்சு, இனிமே உன் செக்கிங்கு வேணாம்டான்னு சொல்லத்தான் போறேன்.

வேடிக்கை என்னன்னா, இன்னைக்கு விடியக்காலம் அவகிட்ட இருந்து கழட்டி நான் கட்டுனேன். இந்நேரம் வரைக்கும் ஒரு சத்தம் உண்டா? அறுபத்தாறு. எழுபது. அறுபத்தொன்பது. மகன்கிட்டயே திரும்பப் போறோம்னு தெரிஞ்சு போச்சு போல, நல்ல பிள்ளையா இருக்கு.

கணவாய் இறங்கிட்டமா? ஏன் நிப்பாட்டுறான், இங்க ஸ்டாப்பு இல்லையே. ஆகா. அங்க பாருங்க சார், ரெண்டு பேரு ஏறுறாங்க, செக்கிங். கையில பையைப் பிடிச்சிருக்கிறதுலயே தெரியும். புதுப் பையனுக. எனக்குப் பிறகு வந்தவனுக, என்னைத் தெரியாது. எப்படிப் பண்றான்னு பாப்போம். முன்னாடியிருந்து வர்றான், சரி. பாக்கியத்தை எழுப்புறான். முழிச்சு, பின்னாடி கையைக் காட்டுறா. எங்கிட்ட இருக்குன்னு சொல்றா.

வாங்க தம்பி. இந்தாங்க, ரெண்டு மதுரை. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அங்க ஜன்னலோரம் இருக்காங்கள்ல, அவங்களுக்கு. என்ன? அவங்க டிக்கெட்டை அவங்க கையிலயே கொடுத்துரணுமா? சரி சரி. கொடுத்துர்றேன். நீங்க போங்க.

கேட்டீங்களா சார். எனக்கே ரூல் சொல்லிட்டுப் போறான். ரூல் என்னமோ சரிதான். நானே எத்தனை பேருகிட்டச் சொல்லியிருக்கேன். புருசன் கையில ரெண்டு டிக்கெட்டை வச்சுக்கிட்டு எங்கயோ உக்காந்திருப்பான். பொண்டாட்டி வேற எங்கயோ இருப்பா. அவ டிக்கெட்டு அவ கையில இருக்கணும்யா, அப்பத்தான் யாரு எதுல போறாங்கன்னு தெரியும்னு.

அப்பத்தான் தெரியும்.

சார், ஒரு நிமிசம். இந்தப் போன்ல மகன் அனுப்புன மெசேஜு இருக்கு, வாட்சு கத்துன நாளு, மணி எல்லாம். என் கண்ணாடி பையோட மேல இருக்கு. நீங்க கொஞ்சம் வாசிங்களேன். முதல்ல இருந்து.

மார்ச்சு நாலு, பத்தே கால். அது மொளகாத் தட்டு. படியில இருந்தா.

அடுத்து? பதினாலு, காலையில ஏழு இருபது. தண்ணி வந்த நாளு. ஆமா. குடத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

அந்த மூணரை மணியைச் சொல்லாதீங்க, அது எனக்குத் தெரியும். தரை குளுகுளுன்னு இருக்குன்னா.

சார், மாசப் பாஸுக்காரன் கதை சொன்னேன்ல. அவன் காதைப் பாத்தேன்னு. முப்பத்திமூணு வருசம் ஆயிரக்கணக்கான காதைப் பாத்திருக்கேன். எங்கிட்ட எவனும் ஏமாத்த முடியாதுன்னு.

இல்ல, தண்ணி வேணாம். எனக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் ஒண்ணுமில்லைன்னு எழுத்துலயே இருக்கே.

உங்க வாட்சும் இதே மாதிரின்னீங்கள்ல. இதுல முப்பது செகண்டு விரலை வச்சா ஈசிஜி மாதிரி கோடு ஓடும்னு மகன் சொன்னான். எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. நான் இதை ஒழுங்கா ஒரு நாள் கட்டியிருந்தாத்தானே. கொஞ்சம் எந்திரிச்சு எங்கூட முன்னாடி வாங்க சார். வண்டி ஆடுது, கம்பியைப் பிடிச்சுக்கோங்க. அந்தக் கோட்டை நீங்க பாருங்க. நான் ஆளைப் பாக்குறேன்.

தங்கச்சி, கொஞ்சம் நகந்து உக்காரும்மா, ஒரு நிமிசம்.

பாக்கியம். முழிச்சுத்தான் இருக்கியா? இந்தா, உன் டிக்கெட்டு, நீயே வச்சுக்க. அந்தக் கையைக் கொடு. இந்தக் கை இல்ல, வழக்கமாக் கட்டுற கை. உள்ள ஓட்டையில மாட்டுறேன், நான் போட்டேன்ல, அதுல. ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு கை?

கேக்குறா பாருங்க சார். "இப்ப எதுக்குங்க இது, இங்க நடக்க எடம் எங்க இருக்கு?"ன்னு கேக்குறா.